வயலுக்குப் போக முடியாத நாட்களில் வேளாண் விரிவாக்கம்

[காட்சி: ஆளில்லாத பயிற்சிக் கூடம். சுவரோரம் அடுக்கிவைத்த நாற்காலிகள். சன்னலுக்கு வெளியே உழுது போட்ட நிலம்.]

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் பள்ளிகளும் அலுவலகங்களும் சந்தைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பூமியின் வட பாதியில் பல இடங்களில் அது விதைப்புக்கு நிலம் தயாராகும் காலம். உணவு உற்பத்தி இன்றியமையாத பணி என்பதால் பல நாடுகள் உழவுக்கு விலக்கு அளித்தன. உழவர்கள் வயலுக்குச் சென்றார்கள். ஆனால் வயல் வரப்பில் அவர்களோடு நின்று, பயிரைப் பார்த்து, யோசனை சொல்லும் விரிவாக்கப் பணியாளர்களில் பலர் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. பயிற்சிகளும் செயல்விளக்கங்களும் வயல் விழாக்களும் தள்ளிவைக்கப்பட்டன.

ஒருவருக்கொருவர் அருகில் வரவே கூடாத ஒரு காலத்தில், அருகாமையையே அடித்தளமாகக் கொண்ட இந்தப் பணியை எவ்வாறு நடத்துவது என்பதை இந்தக் காணொளியில் பார்க்கிறோம்.

[காட்சி: பழைய ஓவியப் பாணியில், உருளைக்கிழங்கு வயலின் நடுவே உழவர்களிடம் பேசும் ஒரு மனிதர்.]

விரிவாக்கம் என்ற சொல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்வியைத் தம் மதிலுக்கு வெளியே உள்ள மக்களுக்கும் விரித்துக் கொடுக்க இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் மேற்கொண்ட முயற்சிக்கு அந்தப் பெயர் வழங்கியது. செயலோ சொல்லுக்கு முந்தியது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் அழித்துப் பெரும் பஞ்சம் வந்தபோது, 1847இல் ஊர் ஊராகச் சென்று உழவர்களுக்கு மாற்றுப் பயிர்களையும் நல்ல சாகுபடி முறைகளையும் கற்பிக்கும் பயிற்றுநர்கள் அனுப்பப்பட்டார்கள். அரசு ஆதரவுடன் நடந்த விரிவாக்கப் பணியின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் பலர் இதையே காட்டுகிறார்கள். ஆக, இந்தப் பணி பேரிடருக்கு நடுவே பிறந்தது என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1903இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊருக்கு அருகே, சீமன் நாப் என்பவர் ஓர் உழவரின் சொந்த நிலத்திலேயே, அந்த உழவரின் கையாலேயே, புதிய முறைகளைச் செய்துகாட்ட ஏற்பாடு செய்தார். மனிதன் காதால் கேட்பதை ஐயுறலாம், கண்ணால் காண்பதைக்கூட ஐயுறலாம், தானே செய்ததை ஐயுற முடியாது என்பது அவருடைய கொள்கை. 1914இல் இயற்றப்பட்ட ஸ்மித்-லீவர் சட்டத்தின் வழியாக இந்த முறை அமெரிக்கா முழுவதற்குமான நிரந்தர அமைப்பாக ஆனது. 1989இல் இந்தோனேசியாவில் ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் துணையோடு தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே சொற்பொழிவு கிடையாது. இருபது இருபத்தைந்து உழவர்கள் ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் நெல் வயலில் இறங்கி, பூச்சிகளை எண்ணி, எது தீமை செய்கிறது, எது அந்தத் தீய பூச்சியைத் தின்கிறது என்று தாங்களே கண்டறிந்து, மருந்து தேவையா இல்லையா என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கூடும் மனிதர்கள் தேவை. பெருந்தொற்று பறித்ததும் அதைத்தான்.

[காட்சி: வானை மறைக்கும் வெட்டுக்கிளிக் கூட்டம்.]

பணியைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தால் என்ன என்று கேட்கலாம். பூச்சிகள் காத்திருப்பதில்லை. 2020ஆம் ஆண்டிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவைப் பாலைவன வெட்டுக்கிளிகள் சூழ்ந்தன. கென்யா எழுபது ஆண்டுகளில் காணாத படையெடுப்பு அது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள கூட்டத்தில் 8 கோடி வரை பூச்சிகள் இருக்கலாம். அந்தக் கூட்டம் ஒரே நாளில் 35,000 மனிதர்கள் உண்ணும் அளவுக்கு உணவைத் தின்று தீர்க்கும். பயணக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே அதைக் கண்காணிக்க, திறன்பேசியில் இயங்கும் ஈலோகஸ்ட்3எம் என்ற செயலியை உணவு மற்றும் வேளாண் அமைப்பும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிளான்ட்வில்லேஜ் குழுவும் சேர்ந்து உருவாக்கின. எங்கே, எந்தப் பருவத்தில், எவ்வளவு வெட்டுக்கிளி என்பதை அந்தந்த ஊரில் இருந்தவர்களே படத்துடன் பதிவு செய்தார்கள். இந்த எடுத்துக்காட்டில் தகவல் வயலிலிருந்து அலுவலகத்துக்குப் பயணப்பட்டது என்பதே முக்கியம். பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய பல கைப்பேசிச் சேவைகள் இதற்கு நேர்மாறாக, மேலிருந்து கீழே செய்தி அனுப்புவதோடு நின்றுவிட்டன. உழவரின் கேள்வி திரும்பி வருவதற்கான வழி இல்லாத சேவையை விரிவாக்கம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

[காட்சி: ஒரே அளவில் மஞ்சள் நிறமான மூன்று இலைகள், அருகருகே.]

கேள்வி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது ஒரு புகைப்படமாக வரும்: மஞ்சளடைந்த ஓர் இலை, அதன் கீழே "என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற ஒரு வரி.

இந்தப் படத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது செடியின் அடியிலுள்ள முதிர்ந்த இலை. ஏனென்றால் செடி தன்னிடமிருக்கும் தழைச்சத்தைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்து அவ்வாறு நகராது. ஆகவே அது குறைந்தால் குருத்து இலையே வெளுக்கும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இலை மஞ்சளாகும். வேரில் நூற்புழு தாக்கியிருந்தாலும் மஞ்சளாகும். அதைக் கண்டறியச் செடியைப் பிடுங்கி வேரில் முடிச்சுகள் உள்ளனவா என்று பார்ப்பதைத் தவிர வேறு எளிய வழி கிடையாது. நச்சுயிரி நோய்களில் பலவும் மஞ்சளில்தான் தொடங்குகின்றன. இத்தனை காரணங்களுக்கும் தீர்வு வெவ்வேறு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிப்பு மருந்து தேவையே இல்லை. வயலுக்கு நேரில் செல்பவர் இவற்றையெல்லாம் ஓரிரு நிமிடத்தில், தாம் செய்கிறோம் என்ற உணர்வுகூட இல்லாமல், கண்ணாலேயே பிரித்தறிந்துவிடுவார். தொலைவிலிருந்து செய்யும்போது அந்தப் பார்வை முழுவதையும் கேள்விகளாக மாற்ற வேண்டும்.

முதலில் மூன்று படங்கள் கேளுங்கள். ஒன்று, பாதிப்பு வயல் முழுதும் பரவியுள்ளதா, திட்டுத்திட்டாக உள்ளதா, ஓரத்தில் மட்டுமா என்று தெரியும்படி தூரத்திலிருந்து எடுத்த படம். இரண்டாவது, அடி முதல் நுனி வரை முழுச் செடியின் படம். மூன்றாவது, பாதித்த பகுதியின் நெருக்கமான படம். இலையின் மேற்புறத்தோடு அடிப்புறமும் வேண்டும், அளவு தெரிய அருகில் ஒரு நாணயமோ பேனாவோ இருக்கட்டும். பிறகு கேள்விகள்: எப்போது தொடங்கியது, முன்பு என்ன பயிர் இருந்தது, கடைசியாக எப்போது தண்ணீர் பாய்ந்தது, இதுவரை என்ன உரம் போட்டீர்கள், என்ன தெளித்தீர்கள். நல்ல வெளிச்சம் இருந்தால், ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். காணொளி அழைப்பில் உழவரோடு சேர்ந்தே இதைச் செய்யும்போது, தம் பயிரை எவ்வாறு பார்ப்பது என்பதையும் அவர் கற்றுக்கொள்கிறார். வயல்வெளிப் பள்ளியின் உயிரான பகுதியைத் தொலைபேசி வழியாகக் காப்பாற்ற இது ஒரு வழி.

[காட்சி: குரல் செய்தியைக் காதருகே வைத்துக் கேட்கும் கை.]

பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் குரல் செய்திக்கு வேறு ஒழுங்கு வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள், ஒரே ஒரு பொருள். தொடக்கத்திலேயே தேதி, பயிர், பயிரின் வயது, எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்ற நான்கையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பகிரப்படும் செய்திகள் அடுத்த பருவத்திலும் வேறொரு மண்ணிலும் சுற்றிக்கொண்டிருக்கும், தேதி இல்லாத பரிந்துரை அப்போது தீங்காக மாறும். மருந்தின் அளவைச் சொல்லும்போது லிட்டர் தண்ணீருக்கா, ஏக்கருக்கா என்பதைச் சேர்த்து, இரண்டு முறை, நிதானமாகச் சொல்லுங்கள். காதால் கேட்பவருக்கு முந்தைய வரிக்குத் திரும்பிப் போவது எளிதன்று.

அடுத்து, கைப்பேசி யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி. கைப்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் ஆண்களைவிடப் பெண்கள் கைப்பேசி இணையத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு 20 விழுக்காடு குறைவு. களை எடுப்பதும் நாற்று நடுவதும் கால்நடையைப் பார்ப்பதும் பெண்களாக இருக்கும் வீடுகளில், செய்தி சென்று சேர்வது வேலையைச் செய்யாதவரிடம் என்றால் பயன் என்ன? ஆகவே இணையம் தேவைப்படாத வழிகளைக் கைவிடக் கூடாது: சமுதாய வானொலி, சாதாரணக் கைப்பேசியில் எண்ணை அழுத்திக் கேட்கும் குரல் சேவை, இடுபொருள் விற்கும் இடத்தில் ஒட்டும் பெரிய எழுத்துச் சுவரொட்டி. வீட்டில் பெண்களுக்குக் கைப்பேசி ஓய்வாகக் கிடைக்கும் நேரம் எது என்று கேட்டறிந்து அந்த நேரத்தில் அழைப்பது செலவில்லாத ஏற்பாடு. அதைக்கூடப் பலர் செய்வதில்லை என்பதே என் வருத்தம்.

[காட்சி: இடைவெளி விட்டு வரப்பில் நிற்கும் ஆறேழு பேர், முகக்கவசத்துடன்.]

நேரில் சந்திக்கவே முடியாது என்றும் முடிவு கட்ட வேண்டாம். மூடிய அறையைவிடத் திறந்த வெளியில் காற்றுவழித் தொற்று பரவும் வாய்ப்பு மிகவும் குறைவு; வயல் அந்த வகையில் பயிற்சிக் கூடத்தைவிடப் பாதுகாப்பான வகுப்பறை. விதிகள் தளர்ந்த இடங்களில் சிறு குழு, குறைந்த நேரம், இரண்டு மீட்டர் இடைவெளி, கை மாறாத கருவிகள் என்ற கட்டுப்பாட்டோடு செயல்விளக்கம் நடத்த முடியும். ஆனால் உழவர்களில் பலர் வயதானவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் 2017ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் உழவர்களின் சராசரி வயது 57.5. ஊர் ஊராகச் செல்லும் பணியாளர் தாமே நோயைச் சுமந்து செல்லக்கூடியவர். காய்ச்சல், இருமல் இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிவைப்பது அவருடைய கடமையின் ஒரு பகுதி.

இங்கே முகக்கவசம் பற்றி ஒரு சொல். 2020இல் மருத்துவமனைகளுக்கே என்95 கவசம் போதாமல் போனபோது, பூச்சிக்கொல்லி தெளிப்பவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. நோய்த்தொற்றுக்காக அணியும் துணிக் கவசம் மருந்தின் நச்சுத் துளியையோ ஆவியையோ தடுக்காது. மூச்சுக் கவசம் கட்டாயம் என்று பூச்சிக்கொல்லிப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருந்து அது கையில் இல்லையென்றால், கவசம் தேவைப்படாத வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது தெளிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது விரிவாக்கப் பணியாளரின் வேலை.

[காட்சி: மூடியிட்ட கண்ணாடிப் புட்டிகளின் வரிசை.]

அந்த ஆண்டில் கேள்வி கேட்டவர்கள் உழவர்கள் மட்டுமல்லர். கடைகளில் பொருள் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் பலர் முதன்முறையாகத் தோட்டம் போட்டார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் தன் காய்கறித் தோட்ட இணையப் பாடத்தைச் சிறிது காலம் கட்டணமின்றித் திறந்தபோது பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். விளைந்ததை வீட்டிலேயே புட்டியில் அடைக்கும் ஆர்வமும் பெருகியது. அதில் உயிராபத்து இருக்கிறது. பீன்ஸ், மக்காச்சோளம் போன்ற புளிப்புக் குறைந்த காய்களைக் காற்றுப் புகாமல் அடைத்தால், குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் உள்ளே நச்சை உண்டாக்க முடியும். கொதிநீரின் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்த வித்துக்கள் அழிவதில்லை. அழுத்தக் கலத்தில் ஏறத்தாழ 116 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். இணையத்தில் பரவிய பல குறிப்புகள் இதைச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்த முறையை மட்டுமே சொல்லும் ஒரு பொது அமைப்பு மக்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வேறொரு வகை அழைப்பும் வந்தது. விற்பனை முடங்கிப் பாலைக் கொட்ட நேர்ந்தவரும், விளைந்ததை அப்படியே உழுதுவிட்டவரும் பயிரைப் பற்றிக் கேட்கத் தொடங்கிக் கடனைப் பற்றிப் பேசி முடித்தார்கள். பணியாளர் மனநல ஆலோசகர் அல்லர். ஆயினும் அவசரப்படாமல் கேட்கவும், உதவி எண்ணைக் கையில் வைத்திருந்து தரவும், மறுநாள் தாமே அழைத்து நலம் விசாரிக்கவும் அவரால் முடியும்.

[காட்சி: கையால் எழுதிய பதிவேடு; சில வரிசைகள் வெறுமையாக.]

இவை அனைத்துக்கும் முன்னேற்பாடாக இன்றே தொடங்கக்கூடியது ஒரு பதிவேடு. ஒவ்வொரு குடும்பமும் என்ன பயிர் செய்கிறது, வயலில் வேலை செய்பவர் யார், கைப்பேசி யாரிடம் இருக்கிறது, எந்த நேரத்தில் அழைக்கலாம், படிக்கத் தெரிந்தவர் உண்டா, கேள்வி எப்போது வந்தது, என்ன பதில் சொன்னோம், அந்தப் பதில் பலித்ததா என்று அதில் எழுதி வையுங்கள்; இந்த விவரங்களை அவர்களுடைய இசைவோடு வாங்கி, வேறு எவருக்கும் தராமல் காக்க வேண்டும். கட்டுப்பாடு நீங்கும் நாளில், அந்த மாதங்கள் முழுவதும் ஒரு கேள்வியும் பதிவாகாத பெயர்களைத் தனியே எழுதிக்கொண்டு, முதல் வாரப் பயணத்தை அவர்களுடைய வயல்களிலிருந்து தொடங்குங்கள்.