5 கிலோமீட்டருக்கு மாரத்தான் ஷூ எதற்கு?

(மேசை மேல் மூன்று ஜோடி ஷூ. கேமரா மெதுவாக நெருங்குகிறது.)

ஷூ கடையில் போய் "வேகமா ஓடுறதுக்கு ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் அடி பருத்த, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கிற, அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த கார்பன் பிளேட் ஷூ ஒன்றைத்தான் எடுத்து முன்னால் வைப்பார்கள். விலை பதினைந்தாயிரத்துக்குக் குறைவது அபூர்வம். ஷூவில் குறையில்லை, ஆனால் அது 42 கிலோமீட்டரை மனதில் வைத்துச் செய்தது. நீங்கள் ஓடப்போவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு 5 கிலோமீட்டரோ 10 கிலோமீட்டரோ, இல்லையென்றால் வாரத்தில் ஒரு நாள் மைதானத்தில் எட்டு முறை 400 மீட்டர். இதற்கான கணக்கே வேறு, இந்த வீடியோ அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

(இடது ஓரத்தில் இருக்கும் தடிமனான ஷூவைக் கையில் எடுத்து.)

முதலில் இந்தப் பருத்த ஷூ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 2017இல் நைக்கி வேப்பர்ஃப்ளை 4% வந்தது. பெயரில் இருக்கும் அந்த 4, கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் நல்ல வேகத்தில் ஓடக்கூடியவர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தபோது சராசரியாக மிச்சமான ஆற்றல். உடனே எல்லோரும் உள்ளே இருக்கிற கார்பன் தகட்டைப் பார்த்து "ஸ்பிரிங் வச்சிருக்கான்" என்றார்கள். பிறகு சில ஆராய்ச்சியாளர்கள் அதே ஷூவை எடுத்து, தகட்டைக் குறுக்கே பல இடங்களில் அறுத்து, திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை! வேலையில் பெரும்பங்கைச் செய்தது ஃபோம்தான், அதாவது பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற மெத்தை, பெபா என்று சுருக்கமாகச் சொல்கிற இலேசான, அமுங்கியதும் திரும்ப எழுகிற அந்த ஃபோம். அதனால் பெட்டியில் 'கார்பன்' என்று இருக்கிறதா என்று தேடுவதற்கு முன்னால் ஃபோம் என்ன என்று பாருங்கள். சாதாரண ஷூக்களில் இருப்பது ஈ.வி.ஏ. என்கிற இன்னொரு வகை ஃபோம். அது மலிவு, உழைக்கும், ஆனால் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் குறைவாகத்தான் திருப்பித் தரும்.

இன்னொன்று. அந்த 4 சதவீதம் வந்தது மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில். மணிக்கு 10, 12 கிலோமீட்டர் வேகத்தில் இதே மாதிரி ஷூக்களைச் சோதித்தபோது பலன் சராசரியாக 1 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது, அதிலும் ஆளுக்கு ஆள் மாறியது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. மணிக்கு 12 என்றால் 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் முடிப்பவர். அவருக்கு 1 சதவீதம் என்பது 15 விநாடி. 15 விநாடி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, மைதானத்துக்கு வருவோம். தடிமன் நிஜமாகவே இடைஞ்சல் செய்வது அங்கேதான்.

(திரையில்: 400 மீட்டர் டிராக்கின் வரைபடம். வளைவுகள் சிவப்பில்.)

ஒரு சுற்றுக்கு இரண்டு வளைவு. 5000 மீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று, அதாவது 25 வளைவு, எல்லாமே இடது பக்கம். டிராக்கின் உள் ஓரத்தை ஒட்டி ஓடினால் நீங்கள் திரும்புவது சுமார் 36.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில். உடம்பு உள்பக்கம் சாயும், இரண்டு பாதமும் இடது பக்கமாகவே ஷூவை அமுக்கும். அடியில் நாலு சென்டிமீட்டருக்கு மெத்தென்ற ஃபோம் இருந்தால் அது அந்தப் பக்கமாக நசுங்கும், கணுக்கால் ஒவ்வொரு அடியிலும் அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். நேர்ச் சாலையில் சொகுசாக இருந்த அதே ஷூ, எட்டாவது 400 மீட்டரில் கணுக்காலைக் கெஞ்ச வைக்கும். சென்னை நேரு ஸ்டேடியமோ உங்கள் ஊர் மாவட்ட விளையாட்டரங்கமோ, சிந்தெடிக் டிராக்கில் ஓடுபவர்கள் இதை ஒரே நாளில் உணர்ந்துவிடுவார்கள். டிராக்கே கொஞ்சம் மெத்துதான், அதன்மேல் இன்னொரு மெத்தை தேவையில்லை.

விதியும் இதற்குள் வருகிறது. சர்வதேசத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெட்டிக்ஸின் விதிப்படி 2024 நவம்பர் 1 முதல் டிராக் ஓட்டங்கள் எல்லாவற்றுக்கும் சோல் தடிமன் அதிகபட்சம் 20 மில்லிமீட்டர். சாலை ஓட்டத்துக்கு 40. இதில் விளையாட முடியாது. 2021 செப்டம்பரில் வியன்னா மாரத்தானில் எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா முதலாவதாக ஓடி முடித்தார், கொஞ்ச நேரத்தில் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அவர் போட்டிருந்த ஷூவின் சோல் 5 சென்டிமீட்டர், அனுமதி 4. ஒரே ஒரு சென்டிமீட்டர். நம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப்போவதில்லை, ஆனால் பிள்ளையை மாவட்ட, மாநிலப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் இந்த 20ஐ நினைவில் வையுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

(நடுவில் இருக்கும் ஷூவை எடுத்து.)

இந்த மாதிரி. டெம்போ ஷூ, ஸ்பீடு ஷூ என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். தினசரி ஓட்ட ஷூவை விட இலேசு, மாரத்தான் ஷூவை விட நிலையானது. உள்ளே தகடே இல்லாமல் இருக்கலாம், அல்லது கார்பனுக்குப் பதில் நைலானிலோ கண்ணாடி இழையிலோ ஏதாவது இருக்கும். சாக்கனி எண்டார்ஃபின் ஸ்பீடில் நைலான் தகடு. அடிடாஸ் பாஸ்டனிலும் டக்கூமி சென்னிலும் கண்ணாடி இழைக் கம்பிகள். இதில் டக்கூமி சென் என்பது 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டங்களுக்கென்றே செய்தது, பாஸ்டனை விடத் தரையை ஒட்டியிருக்கும். நியூ பேலன்ஸ் ரெபெலில் தகடே கிடையாது. ஒவ்வொரு வருடமும் புது எண் போட்டு விடுவார்கள், போன வருட எண்ணைத் தள்ளுபடியில் வாங்குங்கள், கெட்டுப்போய்விடாது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் 3000 மீட்டர் ஓட்டத்தில் நேரம் சுமார் 0.8 சதவீதம் கூடியது என்று அளந்திருக்கிறார்கள். நம் 25 நிமிட ஆளுக்கு அது 12 விநாடி. தினசரி ஷூ 280, 300 கிராம் வரும். டெம்போ ஷூ 200 முதல் 230க்குள் கிடைக்கும். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லாமலே, முன்னால் சொன்ன 15 விநாடியில் சுமார் பாதியோ அதற்கு மேலோ இதிலேயே வந்துவிடுகிறது. விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் யூகே 8ஐ ஒட்டிய அளவுக்கானது, உங்கள் கால் பத்து என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

(ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்குகிறார். நெருக்கக் காட்சி.)

கடையில் செய்து பார்க்க வேண்டியது இது. குதிப்பக்கம் ஒரு கை, முனையில் ஒரு கை, மடக்குங்கள். பெருவிரல் மடங்குகிற இடத்தில் மடங்கினால் சரி. நடுவில், பாதம் குழிந்திருக்கும் இடத்தில் இரண்டாக மடிந்தால் வேண்டாம், வேகமாகத் தரையை உதைக்கும்போது பிடிமானம் இருக்காது. அப்புறம் ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள், முன்பக்கம் கொஞ்சம் திரும்பலாம், மொத்தமாகத் திரும்பக்கூடாது. ஃபோமைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை, ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இறங்கும், அதைக் கட்டைவிரல் சொல்லாது. லேஸைக் கட்டி ஒற்றைக்காலில் பத்துக் குதி குதியுங்கள். விற்பவர் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு பக்கமாகச் சரிகிறதா, குதிகால் உள்ளே வழுக்கி எழுகிறதா என்று இரண்டே விஷயம் கவனித்தால் போதும்.

குதிகால் எழுந்தால் உடனே சின்ன சைஸ் ஷூவைத் தேடாதீர்கள். கணுக்காலை ஒட்டி மேலே ஒரு கூடுதல் துளை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் உட்கார்ந்துவிடும். விரல் பக்கம் அரைக் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் 5 கிலோமீட்டருக்குப் போதும், நீண்ட ஓட்டத்துக்கு விடுவது போல நிறைய விட வேண்டியதில்லை, வேகத்தில் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். ஆனால் அகலத்தில் சமரசம் வேண்டாம்! நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம், ரேஸ் ஷூக்கள் குறுகலாகத்தான் வரும், சுண்டுவிரல் ஓரம் கடையிலேயே அழுத்தினால் அது பழகிச் சரியாகாது. மாலையில் போய்ப் பாருங்கள், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

கீழே ரப்பரையும் திருப்பிப் பாருங்கள். எடை குறைக்கிறேன் என்று சில ஷூக்களில் முன்பக்கம் ஒரு துண்டு ரப்பர் ஒட்டிவிட்டு மிச்சத்தை வெறும் ஃபோமாக விட்டிருப்பார்கள். ஐப்பசி மழையில் நனைந்த ரோட்டில், அதிலும் வெள்ளைப் பெயிண்ட் அடித்த கோட்டின் மேல், அது வழுக்கும்.

(வலது ஓரத்தில் இருக்கும் ஸ்பைக் ஷூவைத் தலைகீழாகத் திருப்பி.)

100, 200, 400 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவுமே தேவையில்லை, ஸ்பைக் வாங்குங்கள். இங்கே பாருங்கள், ஆணிகள் எல்லாம் முன்பக்கம், குதியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, ஏனென்றால் ஸ்பிரிண்டில் குதி தரையில் படுவதே குறைவு. அடித்தகடு வளையாது. சிந்தெடிக்கில் ஓட்டங்களுக்கு ஆணி நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, பல மைதானங்களில் 6 அல்லது 7க்கு மேல் விடமாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். செம்மண் மைதானம் என்றால் நீளமான ஆணி. ஆணியைக் கழற்றி மாட்டலாம், அதற்கான சாவி பெட்டியிலேயே இருக்கும், அதைத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். பள்ளிப் பிள்ளைக்கு முதல் ஸ்பைக் வாங்க இருபதாயிரம் செலவழிக்காதீர்கள், நிவியா மாதிரி நம் ஊர்க் கம்பெனிகளின் ஸ்பைக் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் கிடைக்கும், அடுத்த வருடம் கால் வளர்ந்துவிடும். சிமெண்ட் தரையில் ஸ்பைக்கோடு நடக்கவிடாதீர்கள், ஆணி மழுங்கும்.

800, 1500 ஓடுபவர்களுக்கு நடுத்தர ஓட்ட ஸ்பைக் தனியாக இருக்கிறது, குதியில் கொஞ்சம் ஃபோமோடு.

டெம்போ ஷூவோ ஸ்பைக்கோ, தினசரி ஷூவிலிருந்து மாறினால் முதலில் புகார் சொல்வது கெண்டைக்கால். குதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் தினசரி ஷூவில் 8, 10 மில்லிமீட்டர் இருக்கும், இதில் 4, 5 ஆகலாம், ஸ்பைக்கில் அதைவிடக் குறைவு. அந்த வேலையைக் கெண்டைக்காலும் குதிநரம்பும் (குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண்) வாங்கிக்கொள்ளும். அதனால் முதல் வாரம் வார்ம்-அப்புக்குப் பிறகு 100 மீட்டர் ஓட்டம் நாலைந்து மட்டும் அதில் ஓடுங்கள், மிச்சம் பழைய ஷூவில். அடுத்தடுத்த வாரங்களில் கூட்டலாம். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது குதிநரம்பு இறுகி வலித்தால் ஒரு வாரம் பின்வாங்குங்கள். வார்ம்-அப், கூல்-டவுன் இரண்டையும் எப்போதும் பழைய ஷூவிலேயே வைத்துக்கொண்டால் புதுசு நீண்ட நாள் வரும், இவை 300, 400 கிலோமீட்டரிலேயே களைத்துப்போகிற ரகம்.

ஓடி முடித்ததும் ஷூவை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்திவிட்டு ஆபீசுக்குள் போய்விடாதீர்கள். சூட்டில் ஃபோமும் ஒட்டியிருக்கும் பசையும் இரண்டுமே கெடும். உள் அட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும், வாஷிங் மெஷின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.