ஒத்தை ஓலை அச்சேறிய கதை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல் மேடு, நடுநடுவே பனை. அந்தத் தேரியின் ஓரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் ஒரே அறைதான்.

சில வருஷங்களுக்கு முன்னால், யாரோ நல்ல மனசோடு கொடுத்த கதைப் புத்தகம் ஒன்றை இரண்டாம் வகுப்புப் பையன் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். ‘பனி பெய்தது’ என்று அச்சிட்டிருந்தது. அவன் ‘பனை பெய்தது’ என்று வாசித்தான். மறுபடி பார்த்து வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் பனைதான். “பனை எப்படிடா பெய்யும்?” என்று கேட்டேன். புத்தகத்தைப் பார்த்தான், ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். “நம்ம ஊர்ல பனைதான டீச்சர் இருக்கு” என்றான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் எழுத்து தெரியாத பிள்ளை இல்லை. னி, னை இரண்டையும் தனித்தனியாகக் கரும்பலகையில் எழுதினால் சரியாகச் சொல்லிவிடுவான். வாசிக்கப் பழகும் குழந்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டே வந்தாலும், முதல் எழுத்தைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சொல்லை ஊகித்துக்கொண்டேதான் போகும். அந்த ஊகம் அதற்குத் தெரிந்த உலகத்திலிருந்துதான் வரும். அவனுக்குத் தெரிந்த உலகம் பனை. அவன் ஊகம் சரியாக வந்து விழக்கூடிய ஒரு புத்தகம் என் வகுப்பு அலமாரியில் இல்லை. நான் புத்தகம் போட வந்த காரணம் இதுதான்.

நல்ல சிறுவர் நூல்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அழ. வள்ளியப்பா வங்கி வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதியவர். 1950-லேயே குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கியவர். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளம் 2015-இல் வந்தது. அதில் தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமையோடு வைத்திருக்கிறார்கள். நானே நிறைய அச்செடுத்து வகுப்பில் மாட்டியிருக்கிறேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படி பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனாலும் எங்கள் தேரியையும் பனையேறிகளையும் பற்றி, ஆறு வயசுப் பிள்ளை தானே வாசிக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. அதை நான்தான் எழுத வேண்டும் என்று பட்டது.

கதை இதுதான். பனையேறியான அப்பா ஓலை கழிக்க மரத்தில் ஏறுகிறார். வெட்டப் போகிற ஓலையில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிறது. கீழே நிற்கிற மகள், அந்த ஒத்தை ஓலையை மட்டும் விட்டுவிடச் சொல்கிறாள். புத்தகத்துக்கு ‘ஒத்தை ஓலை’ என்றே பெயர் வைத்தேன்.

முதலில் எழுதியதில் தாய்க் குருவி கூடு கட்டியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் இரண்டு வாரம் பார்த்த பிறகுதான் தவறு தெரிந்தது. கூடு பின்னுவது ஆண் குருவி. பாதி பின்னியதும் பெண் குருவி வந்து பார்க்கும்; பிடித்திருந்தால்தான் மீதி வேலை நடக்கும். ஊரில் எட்டு வயசுப் பையனுக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்துகொள்ளாமல் அச்சடித்திருந்தால் அந்தப் பிள்ளைகள் புத்தகத்தின் மேல் வைத்த நம்பிக்கை போயிருக்கும்.

சொற்களுக்கு நான் பட்ட பாடு பெரியது. ‘பறந்துகொண்டிருந்தது’ என்று பெரியவர்கள் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு மலை. பாதி ஏறுவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். அதனால், ‘பனையில் ஒரு கூடு. கூட்டில் ஒரு குஞ்சு. குஞ்சுக்குப் பசி.’ இப்படி எழுதினேன். ஒரு வரியில் மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

பதநீரா, பயினியா என்று இன்னொரு கேள்வி. எங்கள் பக்கம் வீட்டில் யாரும் பதநீர் என்று சொல்வதில்லை; பயினிதான். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர், “புத்தகத்தில் போய்ப் பேச்சு வழக்கை எழுதலாமா?” என்று வருத்தப்பட்டார். அவர் கவலையும் நியாயமானதுதான். கடைசியில், கதை சொல்லும் வரிகளில் பதநீர் என்றும், அந்தச் சிறுமி பேசும் இடத்தில் பயினி என்றும் வைத்தேன். ஒன்றுக்கு மற்றொன்று துணை நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். பயினி என்ற சொல் அச்சில் வந்த பக்கத்தைப் பிள்ளைகள் எத்தனை தடவை எடுத்து வாசிக்கிறார்கள் என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அச்சுக்குப் போகும் முன் நோட்டுத் தாளை மடித்துத் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்தேன். வகுப்பில் வாசித்துக் காட்டும்போது, எந்த இடத்தில் பிள்ளைகள் கண் ஜன்னலுக்குப் போகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. ஐந்து தடவை வாசித்தேன். ஐந்து தடவையும் கடைசிப் பக்கத்தில் கோடு விழுந்தது. ‘மரங்களையும் பறவைகளையும் நாம் காக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். ஐந்தாவது தடவை, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறுமி கேட்டாள்: “குஞ்சு பறந்துட்டா டீச்சர்?”

நான் நீதி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளோ குஞ்சுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். நீதியை அடித்துவிட்டு, குஞ்சு பறக்கும் பக்கத்தை எழுதினேன். சிறுவர் கதை என்றாலே கடைசியில் ஒரு நீதி ஒட்ட வேண்டும் என்ற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கதையைக் கேட்கும் பிள்ளைக்கு முதலில் கதை முடிய வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

ஓவியத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி நகரத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர், ஓவியம் படித்தவர், வரைந்து தர ஒப்புக்கொண்டார். முதல் படத்தை வகுப்பில் காட்டினேன். ஒரே குரலில் சத்தம் வந்தது: “இது தென்னைல்லா டீச்சர்!” ஓலை தோகை மாதிரி நீளமாகத் தொங்கியது. பனை ஓலை விசிறி மாதிரி அல்லவா விரியும்? அடுத்தது, “எங்க அப்பா ஏறும்போது இடுப்புல அருவாப்பெட்டி இருக்கும்லா, அது எங்க?” என்று ஒரு பையன். மரம் ஏறும்போது காலில் மாட்டுகிற தளைநாரும் படத்தில் இருந்தவரிடம் இல்லை.

அந்த இளைஞரை ஒரு நாள் விடிவதற்கு முன்பே தேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பையனின் அப்பாதான் எங்களுக்கு ஆசிரியர். தளைநாரைக் காலில் மாட்டுவது, பாளை சீவுவது, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது எல்லாவற்றையும் காட்டினார். ஆண் மரமான அலகுப் பனை எது, பெண் மரமான பருவப் பனை எது என்று சொல்லிக்கொடுத்தார். ஓவியர் மணலிலேயே உட்கார்ந்து ஒரு நோட்டு முழுக்க வரைந்தார். பிறகு வந்த படங்களைப் பிள்ளைகள் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை.

ஓவியருக்குச் சம்பளம் பேசி முன்பணம் கொடுத்தேன். அவர் பெயர் அட்டையில் என் பெயர் அளவுக்கே இருக்கிறது. படங்களின் உரிமை பற்றி ஒரு பக்கத்தில் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். சொந்தமாகப் புத்தகம் போட நினைக்கும் ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது. பணம் கட்டினால் எல்லாம் செய்து தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்தேன். செலவு என்னுடையது, உரிமை அவர்களுடையது என்றிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு நாமே விண்ணப்பிக்கலாம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் தில்லியில் இருக்கிற தேசிய முகமை கட்டணம் இல்லாமல் கொடுக்கிறது. எழுத்தாளரே வெளியீட்டாளராகவும் இருக்கலாம். துறைக்குத் தெரிவிக்க வேண்டியதையும் எழுத்து மூலம் முன்னதாகவே தெரிவித்துவிட்டேன்.

அச்சுக்குச் சிவகாசி. கோவில்பட்டி, சாத்தூர் வழியாக எத்தனை சனிக்கிழமை பஸ்ஸில் போனேனோ, கணக்கில்லை. அங்கே ஓர் அச்சகத்தில் பெரியவர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் 22 பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். “தாள் மடிச்சுதானம்மா புத்தகம் ஆகுது. 16 பக்கம் ஒரு பாரம், 8 பக்கம் அரைப் பாரம். 24 ஆக்கிக்கோங்க” என்றார். கிடைத்த இரண்டு பக்கத்தில் குஞ்சு பறக்கும் காட்சியை எழுத்தே இல்லாமல் படமாகப் பரப்பினோம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் பார்க்க அழகுதான். எங்கள் வகுப்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண் கூசும். அதனால் உள்பக்கத்துக்கு வழவழப்பில்லாத மேப்லித்தோ தாள் எடுத்தேன். கணினித் திரையில் சிவந்து கிடந்த தேரி மண், மையில் முதல் தடவை பழுப்பாக வந்தது. மெஜந்தாவையும் மஞ்சளையும் கூட்டிக் குறைத்து மூன்று தடவை பார்த்த பிறகுதான் எங்கள் மண் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. நான் யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தேன். வடிவமைத்த இடத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தார்கள். மெய்ப்பு பார்த்துக் கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிட்டேன். கடைசி நேரத்தில் ஒரு வரியைத் திருத்தச் சொன்னது நான்தான். திருத்தியபோது 11-ஆம் பக்கத்தில் ‘னை’ எழுத்தின் இணைக்கொம்பு எல்லா இடத்திலும் உதிர்ந்துவிட்டது. பனை என்ற சொல் ‘பன’ என்று நின்றது. 500 பிரதிக்கும் தாள் ஓடி முடிந்து, பின் அடிக்கக் காத்திருந்தபோதுதான் பார்த்தேன். எந்தச் சொல்லுக்காக இந்தப் புத்தகமே வந்ததோ, அந்தச் சொல்.

“ஒரு பக்கம்தானே, ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்” என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரியவர்கள் பிழையைத் தாண்டிப் படித்துவிடுவோம். அப்போதுதான் வாசிக்கப் பழகும் குழந்தை அச்சில் இருப்பதை அப்படியே சரியென்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் நடுவில் வரும் அரைப் பாரத்தில் இருந்தது. அதை மட்டும் மறுபடி ஓட்டினார்கள். செலவை அச்சகமும் நானும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். என் பங்கு எனக்கு ஒரு மாதச் சீட்டுப் பணம். அதிலிருந்து, எவ்வளவு சின்னத் திருத்தம் என்றாலும் புத்தகம் முழுவதையும் மறுபடி முதல் எழுத்திலிருந்து பார்க்கிறேன்.

என் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பிரதியும் விற்கவில்லை. ஆசிரியர் விற்றால் பெற்றோர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது வாங்குவது ஆகாது. வகுப்பு அலமாரிக்கு 20 பிரதி வைத்தேன். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் நண்பர்கள் தங்கள் அரங்கில் இடம் கொடுத்தார்கள். மற்ற ஊர் ஆசிரியர்கள் கேட்டு வாங்கினார்கள். போட்ட பணம் வர ஒன்றரை வருஷம் ஆனது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அதையும் அனுப்பினேன். கன்னிமாரா முகவரியை உறையின் மேல் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

அந்தப் பையன் இப்போது ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி. புத்தகம் வந்த வாரம் அவன் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஆச்சிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். மறுநாள் ஆச்சி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள். படத்தில் இருந்த அருவாப்பெட்டியைத் தொட்டுக் காட்டி, “இது எங்க வீட்டுப் பெட்டி மாதியே இருக்கு தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது இரண்டாவது புத்தகம் வகுப்பில் இருக்கிறது. போன வருஷம் உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்திலிருந்து ஒரு சிறுமி எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். அவளுக்காகத் தொடங்கிய கதை. பாத்தியில் தண்ணீர் நிற்பது வரை எழுதிவிட்டேன். தண்ணீரில் உப்பு முதல்முதலாகத் தெரியும்போது எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். “சொல்லத் தெரியல டீச்சர், வந்து பாருங்க” என்றாள். அந்தப் பக்கம் இன்னும் எழுதாமல் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலையில் ஓவியரும் நானும் அவள் அம்மாவோடு உப்பளத்துக்குப் போகிறோம்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கும், கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.