மழைத்தண்ணீரில் கடல்தண்ணீரைக் கலந்து குடித்தால் தாக்குப்பிடிக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பர்கூரிலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. நீளமான வாய்ஸ் மெசேஜ், சுருக்கிச் சொல்கிறேன். "சார், போன வீடியோவில் ஒருத்தர் பதினாலு மாசம் நடுக்கடலில் மிதந்து உயிரோடு கரை சேர்ந்தார் என்று சொன்னீர்கள். நம்புகிற மாதிரியே இல்லை. தண்ணிக்கு என்ன பண்ணினார்? மழைத்தண்ணியில் கடல்தண்ணியைக் கொஞ்சம் கலந்து குடித்தால் ரொம்ப நாள் ஓட்டலாம் என்று என் தம்பி சொல்கிறான், அது சரியா? அவன் கப்பலில் சேரப் போகிறான், ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு எதிலும் ஏறினதில்லை, அதனால்தான் கேட்கிறேன்."

முதலில் தம்பி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் போகிற சமாச்சாரம் அதுதான். கலக்கக் கூடாது அக்கா. கொஞ்சம்கூட வேண்டாம்.

தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது என்பதை நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன்னால் போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடால் பல்லெல்லாம் கறை பிடித்து வளர்ந்த ஊர் இது. ஆனால் ஃபுளோரைடு பல வருஷம் எடுத்துக்கொண்டு வேலையைக் காட்டும், கடல் உப்பு சில நாளிலேயே காட்டிவிடும். கணக்கு இப்படி. ஒரு லிட்டர் கடல்தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு. உள்ளே போன உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளியாக வேண்டும், ஆனால் சிறுநீரை ஓர் அளவுக்கு மேல் கெட்டியாக்க அதனால் முடியாது. அதனால் ஒரு லிட்டர் கடல்தண்ணீரைக் குடித்தால் அந்த உப்பைக் கழிக்க சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீர் போக வேண்டியிருக்கிறது. கூடப் போன அந்த அரை லிட்டர் எங்கிருந்து வந்தது? உங்கள் உடம்பிலிருந்து. குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறும், அப்புறம் புத்தி பேதலிக்கும்.

கலந்தால் உப்பு குறையுமே என்று தம்பி கேட்பான். குறையும்தான். ஆனால் கையிலிருந்த நல்ல தண்ணீரில் ஒரு பங்கு அந்த உப்பைக் கழுவுவதற்கே போய்விடும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்பில் தங்கும் தண்ணீர் கூடியிருக்காது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. இரண்டாம் உலகப் போரில் 1940 முதல் 1944 வரை மூழ்கிய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களிலிருந்து லைஃப்போட்டிலும் (உயிர்காப்புப் படகு) ராஃப்ட்டிலும் (மிதவை) தப்பித்தவர்களின் விவரங்களைப் பிற்பாடு மருத்துவர்கள் உட்கார்ந்து அலசினார்கள். கடல்தண்ணீர் குடித்ததாகப் பதிவான படகுகளில் 100 பேருக்குக் கிட்டத்தட்ட 39 பேர் செத்திருந்தார்கள். குடிக்காத படகுகளில் 100க்கு 3 பேர். நல்ல தண்ணீர் தீர்ந்துபோனவர்கள்தானே கடல்தண்ணீரில் கை வைப்பார்கள், அவர்கள் எப்படியும் செத்திருப்பார்களோ என்று ஒருவர் வாதாடலாம், அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது, ஆனால் 3க்கும் 39க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் அந்த வாதத்தால் நிரப்ப முடியாது.

தம்பிக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியும். 1952இல் அலென் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு ரப்பர் படகில் கேனரி தீவுகளிலிருந்து பார்படோஸ் வரை 65 நாளில் அட்லாண்டிக்கைத் தாண்டினார். மீனைப் பிழிந்த சாறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்தண்ணீரும் போதும் என்று சொன்னார். தைரியசாலி, சந்தேகமில்லை. ஆனால் அவருக்கும் வழியில் மழை கிடைத்தது. அவருக்குப் பின்னால் சிறு படகுகளில் அதே கடலைத் தாண்டிய ஜெர்மன் மருத்துவர் ஹானஸ் லிண்டமன், கடல்தண்ணீர் உதவாது என்று வெளிப்படையாக மறுத்தார். இன்றைக்குக் கப்பல் பயிற்சியில் எங்கேயும் கடல்தண்ணீரைக் குடிக்கச் சொல்லித்தர மாட்டார்கள்.

சரி, அந்தப் பதினாலு மாச ஆளுக்கு வருவோம். பெயர் ஹோசே சால்வடோர் அல்வரெங்கா, எல் சால்வடோர்காரர், மெக்சிகோவில் மீன்பிடித் தொழில். 2012 நவம்பரில் சுமார் ஏழு மீட்டர் நீள ஃபைபர் படகில் இன்னொரு இளைஞனோடு கிளம்பினார், புயலில் மாட்டி இன்ஜின் போனது, ரேடியோ போனது. 2014 ஜனவரி 30 அன்று பசிபிக் கடலிலுள்ள மார்ஷல் தீவுகளில் எபோன் என்ற குட்டித் தீவில் தனியாகக் கரையேறினார். 438 நாள், சுமார் 10,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட வராது. நீரோட்டமும் காற்றும் தள்ளின வேகம் அவ்வளவுதான், ஆகக் கணக்கு இடிக்கவில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தார் நீரோட்ட மாதிரியை ஓட்டிப் பார்த்தபோதும் பாதை கிட்டத்தட்ட அங்கேதான் போய்ச் சேர்ந்தது. அவருக்கு முன்னாலேயே, 2005இல் மெக்சிகோ கரையிலிருந்து அடித்துப்போன மூன்று மீனவர்களை ஒன்பது மாதம் கழித்து அதே மார்ஷல் தீவுகள் பக்கம் ஒரு தைவான் மீன்பிடிக் கப்பல் தூக்கியது. இத்தனை நாள் பட்டினி கிடந்த அல்வரெங்கா குண்டாக இருக்கிறாரே என்று அப்போது பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், நீங்களும் படத்தைப் பார்த்தால் கேட்பீர்கள், ஆனால் நீண்ட நாள் சரியான சாப்பாடு இல்லாதவர்களுக்கு உடம்பில் நீர் கோத்து வீங்கும், அது சதை இல்லை.

தண்ணீருக்கு என்ன பண்ணினார்? மழை. ஆரம்பத்தில் சுமார் இரண்டு வாரம் மழையே இல்லை, ஆமை ரத்தம் குடித்தார்கள், சிறுநீரைக்கூடக் குடித்தார்கள். இந்தச் சிறுநீர் விஷயத்தை யாரும் பின்பற்ற வேண்டாம், உடம்பு வேண்டாம் என்று தள்ளின உப்பை மறுபடி உள்ளே அனுப்புகிற வேலை அது. ஆமை ரத்தம் வேறு, அதன் உப்பு நம் ரத்தத்தின் உப்பளவை ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் மழை வந்தது, கடலில் மிதந்து வந்த காலி பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கி அதில் பிடித்து வைத்தார். அவர் மிதந்து போனது பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிற நல்ல மழைப் பட்டை. மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் சுருண்டு படுத்து வெயிலிலிருந்து தப்பினார், இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், வியர்வையாகப் போகாத தண்ணீர் குடித்த தண்ணீருக்குச் சமம். கூட வந்த பையன் பச்சை மாமிசம் இறங்காமல் சாப்பிடுவதையே விட்டு சில மாதத்தில் இறந்துபோனான்.

சாப்பாடு பற்றி எல்லோரும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். நடுக்கடலில் முதல் கவலை பசி இல்லை. சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் இருக்கலாம், வெயிலில் தண்ணீர் இல்லாமல் சில நாள்தான். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது மீனைப் பிடித்துத் தின்றால் கெடுதல்தான், புரதம் செரித்து மிஞ்சுகிற யூரியாவைக் கழிக்கவும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருந்தால் மீன், பறவை எல்லாம் வரம். புதிய பச்சை மாமிசத்தில், முக்கியமாக ஈரலில், கொஞ்சம் விட்டமின் சி இருக்கிறது, உப்புக்கண்டம் தின்ற பழைய காலத்து மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி என்ற விட்டமின் சி குறைபாட்டு நோய் அல்வரெங்காவுக்கு வராததற்கு மருத்துவர்கள் சொன்ன காரணம் அதுதான்.

எனக்கு அல்வரெங்காவைவிடப் பிடித்த ஆள் பூன் லிம். சீனாவின் ஹைனான் தீவுக்காரர், பிரிட்டிஷ் கப்பலில் ஸ்டீவர்டு. 1942 நவம்பரில் அந்த பென்லோமண்ட் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. ஒரு மர ராஃப்ட்டில் தனியாக 133 நாள். நல்ல நீச்சல்காரரும் இல்லை, கடலில் விழுந்தால் ராஃப்ட்டை விட்டுவிடக் கூடாது என்று மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். டார்ச் லைட்டிலிருந்து கம்பியை உருவித் தூண்டில் முள், சணல் கயிற்றைப் பிரித்துத் தூண்டில் நூல், பெரிய மீனுக்கு ராஃப்ட்டின் பலகையிலிருந்து பிடுங்கின ஆணி, மழை பிடிக்க லைஃப் ஜாக்கெட்டின் கேன்வாஸ். ஒரு கப்பல் பக்கத்தில் வந்தும் ஏற்றாமல் போய்விட்டது. 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் மீட்டபோது யாரும் பிடிக்காமல் தானே நடந்தார். மழை பிடிக்கிற துணியைப் பற்றி ஒன்று: முதலில் விழுகிற தண்ணீரில் துணியில் படிந்த உப்பை அலசிக் கொட்டிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

நம்ம பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2019இல் அந்தமானிலிருந்து கப்பல்களுக்குச் சாமான் விற்கக் கிளம்பிய இரண்டு பேர் புயலில் அடித்துப்போனார்கள், ஒருவர் கடலிலேயே இறந்தார், இன்னொருவர் 28 நாள் கழித்து ஒடிசாவில் கரை ஒதுங்கினார்.

இப்போது தம்பி விஷயம். நானும் பென்னாகரத்திலிருந்து போய்க் கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன்தான், அதனால் சொல்கிறேன், பெரிய கப்பலில் போகிறவர் இப்படி மாதக்கணக்கில் மிதக்க வேண்டிய நிலை இன்று அபூர்வம். கப்பல் மூழ்கினால் எபிர்ப் என்ற கருவி தானாகக் கழன்று மேலே மிதந்து, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். இந்தியப் பகுதிக்கு அந்தச் செய்தி வந்து சேர்கிற இஸ்ரோ மையம் இதோ, ஓசூர் தாண்டினால் பெங்களூரில் இருக்கிறது. லைஃப்போட்டில் ஆளுக்கு 3 லிட்டர் நல்ல தண்ணீர், லைஃப்ராஃப்ட்டில் ஒன்றரை லிட்டர், கூடவே சாப்பாட்டு பாக்கெட், தூண்டில், சிக்னல் கண்ணாடி, உதவி கேட்டு வானில் விடுகிற ராக்கெட் எல்லாம் சட்டப்படி இருக்கும். 48 மணி நேரத்துக்கு வாந்தியைத் தடுக்கிற மாத்திரையும் இருக்கும், ராஃப்ட்டில் ஏறினவுடன் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த ஆட்டத்தில் பழைய ஆட்களுக்கே குமட்டும், வாந்தியில் போவதும் தண்ணீர்தானே. காயம் இல்லாதவர்களுக்கு முதல் 24 மணி நேரம் தண்ணீர் தர வேண்டாம் என்பதுதான் வழக்கமான விதி. பகலில் நிழல், துணியைக் கடல்தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்வது, இருட்டுவதற்குள் அதைக் காயவைத்துவிடுவது. இதையெல்லாம் சேருவதற்கு முன்னால் கட்டாயப் பயிற்சியில் நீச்சல் குளத்தில் இறக்கிச் சொல்லித்தருவார்கள். மாதாமாதம் கப்பலில் டிரில் நடக்கும், பல பேர் கையெழுத்துப் போடத்தான் வருவார்கள், அவன் மட்டும் ஒழுங்காகப் போய் ராஃப்ட்டை எப்படி இறக்குவது என்று கையால் தொட்டுப் பார்த்துவிடட்டும்.

கடலைவிட எனக்குக் கப்பல் வேலைக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்ட்டுகளைப் பற்றித்தான் கவலை அக்கா. கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவர்கள் நம் பக்கத்துப் பையன்களை நிறையப் பிடிக்கிறார்கள். ஏஜென்சிக்கு ஆர்பிஎஸ்எல் உரிமம், அதாவது கப்பலுக்கு ஆள் சேர்க்க அரசு தருகிற உரிமம், இருக்கிறதா என்று மத்திய அரசின் கப்பல் துறையான டிஜி ஷிப்பிங்கின் இணையதளத்தில் பார்க்கலாம். பார்க்கத் தெரியவில்லை என்றால் அந்த உரிம எண்ணை எனக்கு அனுப்புங்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.