பச்சை உடுத்திய ஞாயிறுகள்

(தஞ்சாவூரில் பங்கு மக்களிடம் பேசியது)

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலில் நிற்க இடமில்லை. ஜூலை மாதத்து ஞாயிறு என்றால் பாதி பெஞ்சு காலி. யாரையும் குறை சொல்லவில்லை. நம் திருவழிபாட்டு ஆண்டின் நீளமான காலத்தைத் தவறவிடுகிறோமே என்ற ஆதங்கம்தான்.

திருவருகைக்காலம், கிறிஸ்து பிறப்புக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் எல்லாம் போக, ஆண்டில் 33 அல்லது 34 வாரம் பொதுக்காலம். குருவானவர் பச்சை உடை உடுத்தும் காலம். வேளாங்கண்ணி கொடியேற்றமும் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளும் இதற்குள்தான் வருகின்றன.

ஈஸ்டரிலிருந்து 50ஆம் நாள் தூய ஆவியார் பெருவிழா. யூதர்களுக்கு அது கோதுமை அறுவடை விழாவாக இருந்தது. நமக்கு அப்போது கோடை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பார்களா என்பதுதான் டெல்டா முழுக்கப் பேச்சு. அவர்கள் அறுத்து முடித்த நாளில் நாம் விதைக்கக் காத்திருக்கிறோம். திருச்சபை தொடங்கிய நாள் அது என்பதால், விதைப்புதான் அதற்கு இன்னும் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் இன்னொன்று. குருத்து ஞாயிறன்று கையில் வாங்கிய தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்து வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறோம். வெளிர் மஞ்சளாக இருந்தது காய்ந்து, பழுப்பேறி, ஓரம் சுருண்டு போகும். அடுத்த ஆண்டு அதைக் கோயிலில் கொடுத்து எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் ஏறுகிறது. ஓசன்னா பாடிய குருத்து சாம்பலாவதற்குள் ஒரு பொதுக்காலம் முழுவதும் நம் வீட்டுச் சுவரில் இருந்திருக்கிறது. நாம் சமைத்தது, சண்டை போட்டது, செபமாலை சொன்னது எல்லாம் அதன் முன்னால்தான்.

பொதுக்கால ஞாயிறுகளில் ஒரே நற்செய்தியைத் தொடர்ந்து வாசிக்கிறோம்; ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, அதற்கடுத்து லூக்கா. மத்தேயு ஆண்டில் ஜூலை நடுவில் விதைப்பவர் உவமை வரும். மறுவாரமே கோதுமையும் களையும். குறுவையில் களையெடுக்கும் நாட்கள் அவை. உவமையில், களையைப் பிடுங்கட்டுமா என்று வேலையாட்கள் கேட்கிறார்கள். அறுவடை வரை விட்டுவிடச் சொல்கிறார் நிலத்துக்காரர். வயலில் குனிந்து களை பறித்த நம் அக்காமார்கள் இதை ஒப்புக்கொள்வார்களா? மாட்டார்கள். அந்த ஞாயிறு அவர்கள் கோயிலில் இருக்க வேண்டும். பூசை முடிந்ததும் சாமியாரிடம் நேரே போய், "அதெப்படி சாமி களையை விட்டுவைக்க முடியும்?" என்று கேட்க வேண்டும்.