பூங்காவில் எங்கே கவனம் வேண்டும்?

எல்லோருக்கும் வணக்கம். தொற்றுநோய்க் காலத்தில் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம் என்பதுதான் என் பதில். இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் போனால் எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்றது. அதை ஒட்டியே பல நாடுகளில் பூங்காக்களுக்குப் பூட்டு விழுந்தது, ஊஞ்சல்களைச் சுற்றி நாடா கட்டினார்கள். பாரிஸில் மே மாதக் கடைசி வரை பூங்காக்கள் திறக்கவில்லை. ஸ்பெயினில் ஆறு வாரம் குழந்தைகளை வெளியே விளையாடவே விடவில்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்பது சரியாகப் புரியாத நேரம் அது. பயந்தார்கள், பூட்டினார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். விஷயம் தெரிந்த பிறகும் அதே பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் குறை சொல்வேன்.

என்ன தெரிந்தது? பேசும்போதும் சிரிக்கும்போதும் நம் வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் கிளம்புகின்றன. கிருமி முக்கியமாக அதில்தான் பயணம் செய்கிறது. சிகரெட் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் மூடிய அறையில் ஒருவர் புகைத்தால் மூலையில் இருப்பவருக்கும் இருமல் வரும். அதே ஆள் மைதானத்தில் புகைத்தால் காற்று அதைக் கலைத்துவிடும். ஆனால் அவர் தோளை உரசிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால், திறந்தவெளி மட்டும் உங்களைக் காப்பாற்றிவிடாது.

இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2021இல் ஒரு கட்டுரை வந்தது. பதிவான தொற்றுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே வெளியிடங்களில் நேர்ந்தவை. கட்டடத்துக்குள் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 19 மடங்கு அதிகம். வெளியே தொற்றியவர்களின் கதையில் எது திரும்பத் திரும்ப வருகிறது தெரியுமா? நெடுநேரம் நெருங்கிப் பழகியது, நடுநடுவே ஏதோ ஒரு கூரைக்குள் போய்க் கூடியது.

ஆகவே பூங்காவில் மரத்தையும் புல்லையும் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. உங்களைக் கடந்து ஓடுகிறவரைக் கண்டும் பதற வேண்டாம். சில விநாடிகளில் போய்விடுவார். கவனிக்க வேண்டியது நுழைவாசல் நெரிசலையும், கழிப்பறையையும், மழைக்கு ஒதுங்கும் மண்டபத்தையும். அந்த மண்டபம் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. அதுவரை தள்ளித் தள்ளி நடந்தவர்கள் எல்லாம் நாலு தூறல் விழுந்ததும் ஒரே கூரைக்குள் முண்டியடிப்பார்கள். ஒரு குடை எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் நனையுங்கள், பரவாயில்லை.

முகக்கவசம் சட்டைப்பையில் இருக்கட்டும். ஆளில்லாத பாதையில் தனியாக நடக்க அது வேண்டாம். வரிசையிலும் கழிப்பறையிலும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்று வீட்டிலேயே இருப்பதுதான் நியாயம். போய்ப் பார்த்தால் கூட்டம் அதிகமா, திரும்பிவிட்டு வேறு நேரத்தில் வாருங்கள். சொல்ல எளிது, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஊஞ்சலைத் தொடலாமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். தொடலாம். கிருமி பட்ட ஒரு பொருளை ஒருமுறை தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள், போதும்.

இனி பூங்காவை நடத்துகிறவர்களுக்கு. 2020 மே மாதம் நியூயார்க்கின் டாமினோ பூங்காவில் புல்வெளியில் வெள்ளை வட்டங்கள் வரைந்தார்கள். ஒவ்வொன்றும் 8 அடி அகலம், இடையில் 6 அடி இடைவெளி. ஒரு வட்டத்தில் ஒரு குடும்பம், அவ்வளவுதான். டொராண்டோவில் ஒரு பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் குவிந்துவிட்டார்கள். அங்கேயும் பிறகு வட்டம் வரைந்தார்கள். விசில் ஊதி விரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறேன் என்று நாலு வாசலில் மூன்றைப் பூட்டுகிறார்கள். மிச்சமிருக்கும் ஒன்றில் எல்லோரும் நெருக்கியடிக்காமல் வேறென்ன செய்வார்கள்? நாலையும் திறந்துவிடுங்கள். கழிப்பறை ஜன்னலையும் திறந்து வையுங்கள். ‘கை கழுவுங்கள்’ என்று வாசலில் பலகை மாட்டுவதற்கு முன்னால், உள்ளே குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒருமுறை திருகிப் பாருங்கள்.