பல்லைப் பிடித்துப் பார்க்கும் நாடுகள்

நண்பர்களே, வணக்கம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அடைக்கலம் கேட்டு வந்த மனிதரின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் சில பணக்கார நாடுகளில் உண்டு. தனக்கு 18 வயது ஆகவில்லை என்று சொல்லும் இளைஞர்களின் ஞானப் பல்லை 2017 முதல் சுவீடனில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிரிட்டனும் 2024 ஜனவரியில் இதற்கு விதி கொண்டுவந்தது. ஞானப் பல்லின் வேர் ஒருவருக்கு 18-க்கு முன்பே வளர்ந்து முடியும், இன்னொருவருக்கு 20-ஐத் தாண்டியும் முடியாது. அதை வைத்து வயதைத் தீர்மானிப்பதை பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கமே எதிர்த்தது.

என் கேள்வி வேறு. அந்த எக்ஸ்ரேயில் பக்கத்துப் பல்லில் சொத்தை தெரிந்தால் யார் கவனிப்பார்கள்?

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். புகலிடம் கோருவோருக்கான 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீவிர நோய்க்கும் வலிக்கும்தான் சிகிச்சை என்கிறது. பல் கட்ட வேண்டுமென்றால், மருத்துவக் காரணத்தால் தள்ளிப்போடவே முடியாத நிலை வர வேண்டும். இந்தக் கட்டுப்பாடு 18 மாதம் இருந்தது, 2024-இல் 36 மாதமாக்கினார்கள். மூன்று வருடம்! சொத்தை அதுவரை சும்மா இருக்குமா? வலிக்காதபோது ஒரு சின்ன அடைப்போடு முடிந்திருக்கும். வலி வந்த பிறகு நரம்புவரை போயிருக்கும், அப்போது பிடுங்குவதுதான் சுலபமான வழி. சிக்கனம் என்று நினைத்துச் செய்வது கடைசியில் கூடுதல் செலவு.

பிரிட்டனில் காகிதத்தில் நிலைமை பரவாயில்லை. மருத்துவச் செலவில் உதவிக்காக அரசு தரும் ஹெச்.சி.2 சான்றிதழ் இருந்தால் அரசுத் திட்டத்தில் பல் சிகிச்சை இலவசம். ஆனால் அந்தத் திட்டத்தில் புது நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவரை உள்ளூர்க்காரர்களே தேடி அலைகிறார்கள்.

அகதிகளுக்குப் பல் தேய்க்கத் தெரியாது என்று பேசுபவர்களும் உண்டு. எனக்கு எரிச்சல் வரும். ஊரில் நல்ல பல்லோடு கிளம்பியவர், வழியில் மாதக்கணக்கில் கிடைத்ததைத் தின்று, சமையலறை இல்லாத விடுதியில் பிஸ்கட்டும் இனிப்புப் பானமுமாகக் காலம் தள்ளினால் பல் என்ன ஆகும்? வேர் சிகிச்சைக்குப் பல தடவை போக வேண்டும். நடுவில் வேறு ஊர் விடுதிக்கு மாற்றிவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

அப்புறம், சித்திரவதை. சித்திரவதையை ஆவணப்படுத்த 1999-இல் ஐ.நா.விடம் அளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை பற்களையும் பார்க்கச் சொல்கிறது. அடியில் உடைந்த பற்களோடும், மின்சாரம் பாய்ச்சியதில் சிதைந்த பற்களோடும் வருவார்கள். அப்படிப்பட்டவருக்குச் சாய்த்த நாற்காலி, முகத்தில் விளக்கு, வாய்க்குள் அந்நியர் கை, எல்லாமே அந்தச் சித்திரவதை அறையைத் திரும்பக் கொண்டுவரும். அவர் சிகிச்சைக்கு வராமல் போனால் ‘ஒத்துழைக்காதவர்’ என்று எழுதிவிடுகிறோம்.

இங்கே இருக்கிற பல் மருத்துவர்களிடம் சொல்கிறேன். நாற்காலியை நிமிர்த்தி வைத்தே பேச்சைத் தொடங்குங்கள். கை உயர்த்தினால் நிறுத்துவேன் என்று சொல்லுங்கள், உயர்த்தினால் உடனே நிறுத்துங்கள். மொழிபெயர்க்க அவருடைய பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். அம்மாவின் பல் எப்படி உடைந்தது என்பதை அந்தப் பிள்ளை உங்கள் வாயிலிருந்து கேட்கக் கூடாது.