அம்மா கையெழுத்து வேணுமே!

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் முதல் ஆளாக வந்துவிடும் நூலகர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பிகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள். அதற்குத் தனி வணக்கம்.

'அபத்தம்' என்ற சொல்லின் பிறப்பு, வழக்கு, இன்றைய நிலை என மூன்று செய்தி சொல்ல வந்தேன்.

வடமொழியில் 'பத்தம்' என்றால் கட்டுண்டது, 'அபத்தம்' கட்டில்லாதது. தெலுங்கில் இதே சொல்லுக்குப் பொய் என்று பொருள். நம் அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு, பேச்சில் தேய்ந்துவிட்டது. குடை மறந்து நனைந்தால் அது முட்டாள்தனம். குடைக்கடைக்குள் நுழையவே குடை வேண்டும் என்றால், அதுதான் அபத்தம். 'ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி' என்றார்களே, அந்தக் கதை.

எங்கள் பெரியப்பாவுக்கு ஓர் அட்டையில் 'சண்முகம்', இன்னொன்றில் 'ஷண்முகம்'. முதல் அலுவலகத்தில், "அதைத் திருத்திட்டு வாங்க, இதைத் திருத்தறோம்" என்றார்கள். அங்கே போனால், "முதல்ல இதைத் திருத்திட்டு வாங்க." நாலு நடை நடந்தார். ஐந்தாம் நடையில் ஜன்னலுக்குள் இருந்தவர், "எழுத்து மாறினா ஆள் மாறாதா பெரியவரே?" என்று கேட்டார். "எங்கம்மா எப்படிக் கூப்பிட்டாலும் நான்தானே தம்பி போனேன்?" என்றார் பெரியப்பா. ஜன்னலுக்குள் இருந்தவர் சிரிக்கவே இல்லை. "அப்படின்னா அம்மா கையெழுத்து வேணுமே!"

பெரியப்பாவுக்கு அப்போது வயது 78.

இப்படி அலுவலகச் சுழலில் சிக்கியவர்களைக் கதையாக எழுதிய பிராக் நகரத்து எழுத்தாளர் காஃப்கா 1908 முதல் 1922 வரை விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இந்தச் சுழலுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரிலேயே ஒரு சொல் இருக்கிறது. நம் பெரியப்பாக்களின் பெயரில்தான் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, வழக்கு... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது, இன்றைய நிலை. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல். தமிழ் வந்துவிட்டது, சரி. என்ன தமிழ்? பெரியப்பாவுக்குக் கொடுத்த சீட்டில் 'ஆவண முரண்பாட்டின் பொருட்டு நிராகரிக்கப்படுகிறது' என்று இருந்தது. 'இரண்டிலும் பெயர் வேறாக இருக்கிறது, இன்ன இடத்துக்குப் போங்கள்' என்று எழுதினால் மை தீர்ந்துவிடுமா? நாங்கள் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். அதுவரை ஓணானுக்கு வேலி, வேலிக்கு ஓணான்!

வாசலில் மேசை போட்டிருக்கிறோம், கோரிக்கை மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். எந்த அட்டையில் உள்ள பெயரானாலும் சரி. நன்றி, வணக்கம்.